சவம், மறுபடியும் அணைஞ்சிட்டு

என் கணவர் தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அதனால் உலகத்தில் இருக்கிற எந்தப் பொருளையும் தன்னால் பிரித்து மறுபடி சேர்த்துவிட முடியும் என்று நம்புகிறார். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மகளின் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் எல்லாம் அவர் கையில் பிரிபட்டவைதான். பாதி ஓடுகின்றன. மீதியைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கடையில் ஒன்றை வாங்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே எனக்கு எங்கள் மிக்ஸி ஞாபகம் வந்தது.

"ரெடிமேடா வாங்குனா அவன் உள்ள என்ன வச்சிருக்கான்னு நமக்கு என்னளா தெரியும்? பார்ட் பார்ட்டா வாங்கி நானே செஞ்சு தாரேன்."

கடை மாவு உடம்புக்கு ஆகாது, வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாம் என்பது போலச் சொன்னார்.

கம்ப்யூட்டர் எதற்கென்றால், எனக்கு வேலை கிடைத்திருந்தது. மகள் நாசரேத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. காலையில் அவர் கடைக்குப் போனால் இரவு வரை நானும் டிவியும்தான். டிவியோடு எத்தனை நாள் சண்டை போடுவது? நான் பி.காம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்ச காலம் துறைமுகத்துக்குப் பேப்பர் தயாரிக்கிற ஒரு ஆபீசில் வேலை பார்த்திருக்கிறேன். கப்பலில் ஏறுகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்க வேண்டிய விவரங்களை எல்லாம் சரிபார்த்து, கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிற வேலை. எடை, பெட்டி எண்ணிக்கை, கண்டெய்னர் நம்பர் எதில் ஒரு எழுத்து பிசகினாலும் சரக்கு வெளியே நிற்கும், கப்பல் போய்விடும். அதே மாதிரி வேறொரு ஆபீசில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, கழுத்துச் சங்கிலியை நேராக இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

அந்த ஆபீசை நடத்துகிற மேடம் கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். கழுத்தில் மாதா டாலர், கையில் எப்போதும் போன், குரல் ஹார்பர் வரைக்கும் கேட்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தன வருசம் சும்மா இருந்திருக்க. கை ஓடுமா பிள்ள?"

"ஓடும் மேடம்."

"பொங்கல் வரைக்கும் பாப்போம். நேரத்துக்குத் தப்பில்லாம முடிச்சுத் தந்தா வேல உனக்கு. இல்லன்னா நான் வேற ஆளு பாத்துக்கிடுவேன். அப்புறம் மேடம் அப்படிச் செஞ்சிட்டா, இப்படிச் செஞ்சிட்டான்னு சொல்லப்படாது."

வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தது என் கணவர்தான். அவரே மேடத்துக்குப் போன் போட்டுப் பேசினார். "வெயில்ல நீ எதுக்கு அலையணும்? ஃபேனைப் போட்டுக்கிட்டு வீட்ல உக்காந்து வேல பாரு. ராணி மாதிரி இருக்கலாம்" என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

ஆவணி மாதம் முழுக்க அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கின. சாப்பாட்டு மேசையை அவர் பிடித்துக்கொண்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடையில் டப்பா டப்பாவாகக் கலர் கலக்குகிற அந்தப் பெரிய கைகள், குட்டி குட்டி ஸ்குரூவை எடுத்துப் பொருத்துவதைப் பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. இதை இப்போது சொல்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே சிவப்பு, பச்சை, ஊதா என்று கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி விளக்கு. "இந்த விளக்கு எதுக்கு?" என்றேன். "சும்மா இருக்கட்டும்ளா, அழகுக்கு" என்றார்.

நன்றாகத்தான் ஓடியது. மேடமும் ஒரு தப்பு கண்டுபிடிக்கவில்லை. தப்பு கண்டுபிடிக்காவிட்டால் அவர் பாராட்டுகிறார் என்று அர்த்தம்.

தீபாவளி கழிந்து மழை ஆரம்பித்தது. அன்றைக்கு விளாத்திகுளத்தில் இருந்து ஒரு கண்டெய்னர் மிளகாய் வத்தல் வந்திருந்தது. மூட்டை மூட்டையாக எண்ணிக்கை, ரகம் ரகமாக எடை. காலையில் இருந்து அடித்து, கடைசி வரிக்கு வந்து, அப்பாடா என்று தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். திரை படக்கென்று இருண்டது. பெட்டிக்குள் விளக்கெல்லாம் அணைந்து, மறுபடி எரிந்து, ஒன்றும் நடக்காதது போலக் கம்ப்யூட்டர் முதலில் இருந்து ஆரம்பித்தது. நான் அடித்தது எல்லாம் போயே போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது சும்மா சொல்லி வைத்ததில்லை.

கடைக்குப் போன் போட்டேன். "சவம், அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

"நீ என்னளா செஞ்சே?"

எனக்கு ஏறிவிட்டது. "டைப் அடிச்சேன். கம்ப்யூட்டர்ல வேற என்ன செய்வாவ? தோசையா சுடுவாவ?"

அன்றைக்கு எப்படியோ மறுபடி அடித்து, கடைசி நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் காலையில் அணைந்தது, மத்தியானம் அணைந்தது. அடுத்த இரண்டு நாள் சாதுவாக இருந்தது. அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். ஒரேயடியாகச் செத்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். இது சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

என் கணவர் வைத்தியத்தில் இறங்கினார். யுபிஎஸ் பேட்டரிதான் காரணம் என்று புதுசு மாட்டினார். அணைந்தது. உள்ளே இருக்கிற ரேம் பட்டையைக் கழற்றி, மகளுடைய பழைய பென்சில் ரப்பரால் அதன் காலைப் பரபரவென்று தேய்த்தார். இப்படிச் செய்தால் சரியாகும் என்று எவனோ வீடியோவில் சொல்லியிருக்கிறான். இரண்டு நாள் ஓடியது. அவர் தெருவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் அணைந்தது. சூடுதான் காரணம் என்று ஒரு வெள்ளைப் பசையை வாங்கி உள்ளே தடவினார். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கரண்ட் கொடுக்கிற பெட்டியைக் கழற்றிவிட்டு, தெரிந்த சர்வீஸ் கடையில் இருந்து வேறொன்றை இரவல் வாங்கி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இனிமே வராது பாரு" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பயம் வர ஆரம்பித்தது.

நடுவில் என் நாத்தனார் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். "மதினி, தெருவே பேசுது, உங்க வீட்ல கலர் கலரா எரியுதுன்னு. கண்ணு படாம என்ன செய்யும்?" மானிட்டர் மேல் கட்டித் தொங்கவிட்டுப் போனார். மேடத்தோடு வீடியோவில் பேசும்போது மிளகாய் முகத்துக்கு முன்னால் ஆடியது. "என்ன பிள்ள அது?" என்றார் மேடம். மிளகாய் சாம்பிள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். கொண்டல் அடிக்கிற நாளில்தான், கடலில் இருந்து ஈரக் காற்று வீட்டுக்குள் புகுந்து, டப்பாவில் இருக்கிற மக்ரூன் கூட நமத்துப்போகிற நாளில்தான், இது ஆட்டம் போடுகிறது. அதிலும் வாசலில் கண்டெய்னர் லாரி போனால் போச்சு. இதை அவரிடம் சொன்னேன்.

"கோட்டி மாதிரிப் பேசாத. காத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?"

பெயிண்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருக்கிற சம்பந்தம்தான் என்று சொல்லலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன்.

கடைசியில் அது நடந்தே விட்டது. கப்பலுக்குத் துறைமுகக் கேட் மூடுகிற நேரத்துக்குள் போக வேண்டிய பேப்பர், கம்ப்யூட்டர் அடுத்தடுத்து அணைந்ததில் போகவில்லை. சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போயிற்று. மேடம் போனில் கத்துவார் என்று காதில் இருந்து தள்ளியே பிடித்திருந்தேன். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பிள்ள, உன் வேலைல தப்பு இல்ல. ஆனா உன் கம்ப்யூட்டருக்காகக் கப்பல் நிக்குமா? அது சரியாகுத வரைக்கும் இங்கன வந்து உக்காரு. சரியான பெறவு வீட்ல இருந்து பாரு. இன்னொரு தடவ பிந்துச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காத."

அழுகை வந்தது எனக்கு. இத்தனை வருசம் கழித்து ஒரு வேலை கிடைத்து, அது என் கையால் கெடாமல் ஒரு தகரப் பெட்டியால் கெட்டுப்போகிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது. என் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "வேல போவாதுளா. நான் சரி பண்ணித் தாரேன். அது வரைக்கும் நானே பைக்ல கொண்டு விடுதேன்" என்றார்.

மறுநாள் போனேன். ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் ஒரு நீளமான அறை, தகரக் கூரை போட்ட வராந்தா, ஜன்னலைத் திறந்தால் கிரேன்களின் தலை. எனக்கு மூலையில் ஒரு நாற்காலி தந்தார்கள், ஒரு கை உடைந்தது. முதல் நாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து வாய் திறக்காமல் வேலை பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு லாரி ஆபீஸ்காரன் போனில், வண்டி வழியில் இருக்கிறது, இதோ வந்துவிட்டது என்று மேடத்திடம் காலையில் இருந்து அளந்துகொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. போனை நான் வாங்கினேன்.

"அண்ணாச்சி, வண்டி எங்கன நிக்கி? ... டோல்கேட்லயா? அப்ப பின்னால எப்படிக் கோழி கூவுது? டோல்கேட்ல கோழி வளக்காவளா? டிரைவர் இன்னும் வீட்டவிட்டே கெளம்பல, இல்லியா? இப்பம் எழுப்பி விடுங்க. வண்டி கேட்டுக்குள்ள வாரது வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

வண்டி வந்தது. ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாதாவே! இந்த வாய வீட்ல பூட்டி வச்சிக்கிட்டா இவ்வளவு நாளும் எனக்கு பேப்பர் மட்டும் அனுப்பிக்கிட்டு இருந்த?" என்றார்.

அதற்குப் பிறகு லாரிக்காரர்கள், குடோன்காரர்கள் யார் இழுத்தடித்தாலும் போன் என் மேசைக்கு வரும். மத்தியானம் டிபன் பாக்ஸ்களைத் திறந்தால் அவரவர் கை அடுத்தவர் பாக்ஸில் இருக்கும். மேடம் கொண்டு வருகிற சீலா மீன் குழம்புக்கு அடிதடியே நடக்கும். என் புளிக்குழம்பை நன்றாக இருக்கிறது என்று வெளி ஆள் ஒருவர் சொல்லி நான் கேட்டது அங்கேதான். காலையில் சேலைக்குப் பின் குத்தும்போது என் வாய் பாட்டு முணுமுணுத்தது. அதை நானே ஒரு நாள் கவனித்து, சட்டென்று நிறுத்தினேன்.

இங்கே இப்படி இருக்க, அங்கே என் கணவர் ராப்பகலாக அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். வீட்டில் வைத்துப் பார்த்தால் பிடிபடவில்லை என்று கடைக்குத் தூக்கிப் போனார். முன்பக்கத்து மூடியை ஒயரோடு கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைத் திறந்து போட்டு, ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட்டுக் கிளப்பி, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஓட்டினார். நாள் முழுக்க ஓடியது. அடுத்த நாளும் ஓடியது. கொண்டல் அடித்தும் ஓடியது. வெற்றி வெற்றி என்று மூடியை மாட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தார். சாயங்காலத்துக்குள் அணைந்தது.

"அப்பம் கோளாறு கம்ப்யூட்டர்ல இல்லளா. வீட்ல. எர்த் சரியில்ல."

அவ்வளவுதான், பின்பக்கத்து முருங்கை மரத்தடியில் குழி தோண்டியாயிற்று. கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் எர்த் நன்றாகப் பிடிக்குமாம். மூட்டையோடு உப்பு வந்து இறங்கியது. இந்த ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம்? மண்ணை நாக்கில் வைத்தாலே கரிக்கும். அந்த மண்ணுக்குள் மேலும் உப்பைக் கொட்டினார். முருங்கை மரம் வாடியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஈரக் காற்று ஜன்னல் வழியாக வந்து திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முட்டியில் குழி தோண்டிய மண். நான் முருங்கை இலை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த கோபத்தில் இருந்தேன்.

"கடையில மட்டும் எப்படி ஓடிச்சு? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"அதான் சொன்னேனே, அங்கன எர்த் நல்லாருக்கு."

"எர்த்தும் மண்ணாங்கட்டியும்! கடையில மூஞ்சியக் கழட்டி வச்சிட்டுத்தான ஓட்டுனீக? மூஞ்சி இல்லாம ஓடுது, மூஞ்சி வச்சா சாவுது. அப்ப சீக்கு மூஞ்சிலதான இருக்கும்? அத விட்டுட்டு என் மரத்தக் கொல்லுதீக!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லி முடித்ததும் இரண்டு பேர் கண்ணும் பெட்டியின் முன்பக்கத்துக்குப் போயிற்று. அவர் மெதுவாக அந்த முன்மூடியைக் கழற்றி மடியில் வைத்தார். அதில் இரண்டே பொத்தான்கள். பெரியது, கம்ப்யூட்டரைப் போடுவதற்கு. அதன் கீழே உளுந்து அளவில் குட்டியாக ஒன்று, அணைத்து மறுபடி ஆரம்பிப்பதற்கு. ரீசெட் பொத்தான். அதை நாங்கள் ஒரு நாளும் தொட்டதில்லை. அவர் விரலால் அமுக்கினார். உள்ளே போனது வெளியே வரவில்லை, பாதியில் சிக்கி நின்றது. நகத்தால் சுரண்டினார். மஞ்சளாகப் பசை மாதிரி ஒன்று வந்தது. மோந்து பார்த்தார். எனக்கு நீட்டினார். நானும் மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

ஆயுத பூஜை அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவர்தான். பைக்குக்கு வைத்தார், மோட்டாருக்கு வைத்தார், ஸ்குரூ டிரைவருக்குக் கூட வைத்தார். தன் கையால் செய்த கம்ப்யூட்டரைச் சும்மா விடுவாரா? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். பெரிய பொத்தானுக்கு ஒரு பொட்டு. குட்டிப் பொத்தான் கோவித்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கும் ஒன்று, அதுவும் தாராளமாக. மழை வரும் வரைக்கும் காய்ந்து சும்மா இருந்திருக்கிறது. கொண்டல் ஆரம்பித்ததும் ஈரம் குடித்து, குழைந்து, பொத்தானைப் பாதி அமுங்கின நிலையில் பிடித்துக்கொண்டது. லாரி போகிற அதிர்வில் மீதிப் பாதியும் அமுங்கிவிடும். கம்ப்யூட்டர், யாரோ சொல்கிறார்கள் போல என்று மரியாதையாக அணைந்து எழுந்திருக்கும்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. விலா வலித்தது. பேட்டரி மாற்றி, பசை தடவி, ரப்பர் தேய்த்து, மரத்தைக் கொன்று! அவரும் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் தாங்கவில்லை. "சாமி குத்தம்னு சொல்லுவாவ. இது என்னளா, சாமி கும்பிட்ட குத்தமா?" என்றார்.

அந்தக் குட்டிப் பொத்தானில் இருந்து உள்ளே போகிற ஒயரை அவர் பிடுங்கிவிட்டார். இனி அதை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. மூடியை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு, மேசையைத் தட்டினார், உதைத்தார். வாசலில் ஒரு லாரி வீடே அதிரப் போனது. விளக்குகள் அசையாமல் எரிந்தன.

எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இந்தத் தடவை "இனிமே வராது" என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. "தப்பிச்சோம்ளா. இனி உன் வேலைக்கு ஒரு பங்கமும் இல்ல. நாளையிலேருந்து நீ அலைய வேண்டாம். மேடத்துக்குப் போனப் போட்டுச் சொல்லு" என்று என் கைப்பேசியை எடுத்து நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவர் பொங்கல் வரைக்கும் குழி தோண்டிக்கொண்டு இருந்திருப்பார். நான் போய்க்கொண்டு இருந்திருப்பேன்.

கைப்பேசியை நான் வாங்கவில்லை.

"என்னளா?"

"நான் நாளைக்கும் போறேன்."

"கம்ப்யூட்டர்தான் சரியாயிட்டே."

"சரியாயிட்டு. நல்லாவே செஞ்சிருக்கீக. ஆனா நான் ஆபீசுக்குப் போறேன். நாளைக்கு மட்டும் இல்ல, தெனமும்."

அவர் என்னைப் பார்த்தார், கலர் கலராக எரிகிற அந்தப் பெட்டியைப் பார்த்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. "உனக்காகத்தான செஞ்சேன். வீட்ல இருந்து பாக்குதது உனக்குப் பிடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க இதச் சரி பண்ணுத வரைக்கும் எனக்கே தெரியாதே."